பணியில் இருந்தபடியே இணையவழி வணிக மேலாண்மைப் பட்டம்: ராணுவ அதிகாரிகளுக்கான முழுமையான வழிகாட்டி

பணியில் இருந்துகொண்டே இணையவழியில் வணிக மேலாண்மை படிக்கத் தொடங்கும் அதிகாரிகளில் பலர் முதலில் பல்கலைக்கழகத்தைத் தேர்ந்தெடுக்கிறார்கள். பிறகு கட்டணத்தைக் கட்டுகிறார்கள். அதன்பின் மேலதிகாரியிடம் சொல்கிறார்கள். அடுத்த பணியிட மாற்றம் எப்போது என்பதைக் கடைசியாகத்தான் யோசிக்கிறார்கள். இந்த வரிசையைத் தலைகீழாக்கிக்கொண்டாலே பாதிச் சிக்கல்கள் எழாமல் போகும். கீழே உள்ள படிகள் அப்படித்தான் அமைந்துள்ளன. பெரும்பாலான அதிகாரிகளிடம் இளநிலைப் பட்டம் ஏற்கெனவே இருப்பதால் எம்பிஏ எனப்படும் முதுநிலைப் பட்டத்தை மனத்தில் வைத்து எழுதியிருக்கிறேன். இளநிலை படிப்போருக்கு வேறுபடும் இடங்களைத் தேவையான அளவு குறித்திருக்கிறேன்.

1. பணி நாட்காட்டியை முதலில் எழுதுங்கள்

அடுத்த மூன்று அல்லது நான்கு ஆண்டுகளில் உங்கள் பணி எந்தத் திசையில் போகக்கூடும் என்பதை ஒரு தாளில் மாதவாரியாக எழுதுங்கள். பணியிட மாற்றம் வரக்கூடிய காலம், கட்டளைப் பொறுப்பு ஏற்கும் காலம், பதவி உயர்வுத் தேர்வு, பணியாளர் கல்லூரிக்கான (அதிகாரிகளின் உயர் பயிற்சிக் கல்லூரிக்கான) நுழைவுத் தேர்வு, ஆண்டுதோறும் நடக்கும் போர்ப் பயிற்சி ஆகியவை அதில் இடம்பெற வேண்டும். பிறகு ஒவ்வொரு மாதத்தையும் "படிக்கலாம்", "சொல்ல முடியாது", "படிக்கவே இயலாது" என்று மூன்றாகப் பிரியுங்கள்.

பல்கலைக்கழகத்தின் நாட்காட்டி ஓராண்டுக்கு முன்பே அச்சாகிவிடும். உங்கள் நாட்காட்டியையோ வேறொருவர் எந்த நேரமும் மாற்றலாம். இந்த இரண்டும் எங்கே மோதும் என்பது முன்கூட்டியே தெரிந்திருந்தால்தான், கடினமான பாடங்களை அமைதியான மாதங்களுக்குத் தள்ள முடியும். கட்டளைப் பொறுப்பு ஏற்ற முதல் ஆறு மாதங்களில் படிப்பைத் தொடங்க வேண்டாம் என்பதே என் கருத்து. அந்தக் காலத்தில் பின்தங்கும் படிப்பை மீட்டுவிடலாம். பின்தங்கும் பிரிவை மீட்பது எளிதன்று.

இந்தத் தாள் தாளாகவே இருக்கட்டும். பிரிவின் நகர்வுத் தேதிகளைக் கைப்பேசியின் இணைய நாட்காட்டியில் ஏற்றிவைப்பது பாதுகாப்பு விதிமீறலாகலாம்.

2. எழுத்துபூர்வ அனுமதியும் நிதி உதவியின் நிபந்தனைகளும்

வெளி நிறுவனத்தில் படிப்பதற்கு முன் அனுமதி பெற வேண்டும் என்பது பல நாட்டுப் படைகளில் விதி. பல்கலைக்கழகம் வேற்று நாட்டில் இருந்தால், வெளிநாட்டவரோடு தொடர்ந்து பழகுவது, வெளிநாட்டுக்குப் பணம் அனுப்புவது ஆகியவற்றையும் தனியே தெரிவிக்க வேண்டியிருக்கலாம். கட்டணம் கட்டுவதற்கு முன்பே இதை முடித்துவிடுங்கள்.

விண்ணப்பத்தில் "உயர்கல்வி பயில அனுமதி" என்று பொத்தாம்பொதுவாக எழுதுவது வழக்கமான பிழை. பாடத்திட்டத்தின் பெயர், பல்கலைக்கழகம் இருக்கும் நாடு, நேரலை வகுப்புகள் உண்டா, தேர்வுகள் எந்த மாதங்களில் வரும், நேரில் செல்ல வேண்டிய நாட்கள் எத்தனை, பணி நேரத்துக்கு வெளியே எப்படிப் படிக்கப்போகிறீர்கள் ஆகியவற்றைத் தெளிவாக எழுதுங்கள். வாய்மொழியாகச் சரி என்று சொன்ன கட்டளை அதிகாரி ஓராண்டில் மாறிவிடுவார். அவருக்குப் பின் வருபவரிடம் காட்டுவதற்குக் கையெழுத்திட்ட தாள் வேண்டும்.

படையின் நிதி உதவியைப் பயன்படுத்துவதாக இருந்தால், அதற்கு ஈடாக எத்தனை ஆண்டுகள் பணியில் நீடிக்க வேண்டும் என்பதைக் கேளுங்கள். எடுத்துக்காட்டாக, அமெரிக்கப் படைகளில் கல்விக் கட்டண உதவி பெறும் முழுநேர அதிகாரி, அந்த உதவியில் படித்த கடைசிப் பாடம் முடிந்த பிறகு குறைந்தது 2 ஆண்டுகள் பணியில் இருக்க வேண்டும். முதுநிலைப் பாடத்தில் பி தரத்துக்குக் கீழே போனால் பணத்தைத் திருப்பிச் செலுத்தவும் வேண்டும். பட்டம் பெற்ற கையோடு ஓய்வு பெற்று நிறுவனப் பணிக்குப் போகலாம் என்று திட்டமிடுவோர் இப்படிப்பட்ட நிபந்தனையைக் கவனிக்காமல் உதவியைப் பெற்றுவிட்டு, பிறகு கணக்குப் போட்டுத் திகைக்கிறார்கள். எப்போது விலகப்போகிறீர்கள் என்பதை வைத்தே உதவியை ஏற்பதா, சொந்தப் பணத்தில் படிப்பதா என்று முடிவெடுங்கள்.

3. வாரத்துக்கு எத்தனை மணி நேரம் என்று கணக்கிடுங்கள்

"வேலை பார்ப்போருக்கு ஏற்றது" என்று விளம்பரம் சொல்வதை அளவாகக் கொள்ளாதீர்கள். படிப்பின் அளவைக் குறிக்கும் அலகான கிரெடிட்டை மணி நேரமாக மாற்றிப் பாருங்கள். ஐரோப்பிய முறையில் ஓராண்டு முழுநேரப் படிப்பு 60 கிரெடிட். ஒரு கிரெடிட்டுக்கு 25 முதல் 30 மணி நேர உழைப்பு. ஆகவே 60 கிரெடிட் கொண்ட பட்டத்துக்கு 1500 முதல் 1800 மணி நேரம் தேவை. அமெரிக்க முறையில் ஒரு கிரெடிட் என்பது வாரத்துக்கு ஒரு மணி நேர வகுப்பும் இரண்டு மணி நேரத் தனிப்படிப்புமாக ஏறத்தாழ 15 வாரங்கள், அதாவது 45 மணி நேரம். 36 கிரெடிட் கொண்ட பட்டத்துக்கு 1620 மணி நேரம் ஆகும்.

பட்டத்தை 3 ஆண்டுகளில் முடிக்க நினைத்து, ஆண்டுக்கு 50 வாரம் படிப்பதாக வைத்துக்கொண்டால் வாரத்துக்கு 10 முதல் 12 மணி நேரம் வரும். முதல் படியில் எழுதிய தாளை இப்போது எடுத்து, "படிக்கவே இயலாது" என்று குறித்த மாதங்களைக் கழித்துவிட்டு மீண்டும் வகுத்துப் பாருங்கள். ஆண்டுக்கு 35 வாரம்தான் மிஞ்சுமானால் அதே பட்டத்துக்கு வாரத்துக்கு 14 முதல் 17 மணி நேரம் தேவைப்படும். இந்த எண்ணைப் பார்த்துத் தயங்கினால் 4 ஆண்டுத் திட்டத்துக்கு மாறுங்கள். நீங்களும் வாழ்க்கைத் துணையும் ஒரே வீட்டில் வாழ்பவர்கள் என்பதால், இந்தக் கணக்கை அவரோடு உட்கார்ந்து போடுவதே முறை.

4. பல்கலைக்கழகத்தைத் தேர்ந்தெடுத்தல்

முதல் சல்லடை அங்கீகாரம். அந்த நிறுவனம் தன் நாட்டு அரசால் பட்டம் வழங்க ஏற்கப்பட்டதா, குறிப்பாக அந்தப் பாடத்திட்டத்தை இணையவழியில் நடத்த அனுமதி பெற்றதா என்பதை அரசின் பட்டியலிலேயே பாருங்கள். நேரடி வகுப்புக்கு அனுமதி பெற்ற நிறுவனத்துக்கு இணையவழி அனுமதி இல்லாமல் இருக்கலாம். இதற்கு மேல், வணிகக் கல்விக்கென்றே ஏஏசிஎஸ்பி, ஆம்பா, ஈக்விஸ் என்ற மூன்று பன்னாட்டுத் தரச்சான்றுகள் உள்ளன. பல நாடுகளில் பணியாற்ற நினைப்போருக்கு இவற்றில் ஒன்றாவது இருப்பது நல்லது. மூன்றுமே வேண்டும் என்று அடம்பிடிக்கத் தேவையில்லை.

இரண்டாவது சல்லடை இடைநிறுத்த விதிகள். அதிகாரி ஒருவருக்குத் தரவரிசைப் பட்டியலைவிட இவையே முக்கியம் என்பேன், ஏனெனில் மூன்று ஆண்டுகளில் ஒருமுறையாவது படிப்பை நிறுத்தும்படி ஆணை வரும் என்று எண்ணித்தான் நீங்கள் திட்டமிட வேண்டும். சேர்க்கை அலுவலகத்துக்கு மின்னஞ்சல் எழுதிப் பின்வருவனவற்றை எழுத்தில் கேட்டு வாங்குங்கள். பருவத்தின் நடுவில் பணி ஆணை வந்தால் கட்டணம் திரும்புமா, அல்லது அடுத்த பருவத்துக்கு மாற்றப்படுமா? முடிக்காத பாடத்தை "முழுமையுறாதது" என்று பதிந்து பிறகு முடிக்க எத்தனை மாதம் தருவார்கள்? எத்தனை பருவங்கள் விடுப்பில் இருக்கலாம்? அந்த விடுப்பு, பட்டத்தை முடிப்பதற்கான உச்ச வரம்பு ஆண்டுகளில் சேருமா, சேராதா? பணி முடிந்து திரும்பும்போது மீண்டும் விண்ணப்பிக்க வேண்டுமா?

கடைசிக்கு முந்தைய கேள்வியைப் பெரும்பாலோர் கேட்பதே இல்லை. உச்ச வரம்பு 5 ஆண்டு என்று வைத்துக்கொள்வோம். இரண்டு முறை களப்பணிக்குப் போய்வந்தால் அதில் இரண்டு ஆண்டு கரைந்துவிடும். விடுப்பைக் கணக்கில் சேர்க்காத பல்கலைக்கழகத்தில் அந்த இரண்டு ஆண்டும் உங்களுக்கே திரும்பக் கிடைக்கும்.

மூன்றாவது, வகுப்பு நடக்கும் விதம். பதிவு செய்த விரிவுரைகளை விரும்பிய நேரத்தில் பார்க்கும் திட்டமா, குறித்த நேரத்தில் அனைவரும் கூடும் நேரலைத் திட்டமா என்று பாருங்கள். நேரலைக்கு வருகைப்பதிவு உண்டென்றால் இரவுக் காவல் முறை உள்ளவருக்கு அது ஒத்துவராது. இரண்டும் கலந்த திட்டங்களில், வராதவர்கள் பதிவைப் பார்த்துச் சுருக்கம் எழுதித் தந்தால் போதுமா என்று கேளுங்கள்.

5. விண்ணப்பம்

நுழைவுத் தேர்வு வேண்டுமா என்று முதலில் பாருங்கள். பணி அனுபவத்தைக் காட்டினால் பல பல்கலைக்கழகங்கள் அதிலிருந்து விலக்கு தருகின்றன. தேவைப்பட்டால், வழக்கமாகக் கேட்கப்படும் நுழைவுத் தேர்வுகள் ஜிமேட், ஜிஆர்இ என்ற இரண்டும். இப்போதைய ஜிமேட் 3 பிரிவுகள், 64 கேள்விகள், 2 மணி 15 நிமிடம் கொண்டது. மதிப்பெண் 5 ஆண்டுகள் செல்லும். ஜிஆர்இ மதிப்பெண்ணும் 5 ஆண்டுகள் செல்லுபடியாகும். ஆகவே சேர்வதற்கு இரண்டு ஆண்டு இருந்தாலும் இப்போது அமைதியான பணியிடத்தில் இருந்தால் இப்போதே எழுதி வைத்துக்கொள்ளலாம். வீட்டிலிருந்தே எழுதும் முறையில் அறைக்குள் வேறு எவரும் நுழையக் கூடாது; பகிர்ந்து தங்கும் விடுதி அறையில் இது நடக்காது என்பதால் தேர்வு மையத்தையே தேர்ந்தெடுங்கள்.

தன்விவரக் குறிப்பில்தான் புதியவர்கள் அதிகம் தடுமாறுகிறார்கள். பதவிப் பெயர்களும் பிரிவுச் சுருக்கெழுத்துகளும் நிறைந்த பக்கத்தைப் படிக்கும் சேர்க்கைக் குழுவினர் அதிலிருந்து எதையும் பெறுவதில்லை. எத்தனை பேரை வழிநடத்தினீர்கள், எவ்வளவு பொருளுக்குப் பொறுப்பாக இருந்தீர்கள், எந்த நடைமுறையை எப்படி மாற்றினீர்கள், அதனால் என்ன நடந்தது என்று பொதுமொழியில் எழுதுங்கள். படை அனுபவமே இல்லாத நண்பர் ஒருவரிடம் படிக்கக் கொடுத்து, அவர் நிறுத்திக் கேள்வி கேட்கும் ஒவ்வொரு சொல்லையும் மாற்றுங்கள். ஆயுத எண்ணிக்கை, தயார்நிலை விழுக்காடு போன்றவற்றைச் சாதனையாக எழுதவே கூடாது.

பரிந்துரைக் கடிதத்தை உங்களுக்குத் தெரிந்த மிக உயர்ந்த பதவியினரிடம் கேட்பதைவிட, உங்கள் அன்றாட வேலையைப் பார்த்தவரிடம் கேளுங்கள். மூன்று நட்சத்திரத் தளபதி எழுதும் நான்கு பொது வாக்கியங்களை விட, உங்கள் நேரடி மேலதிகாரி எழுதும் ஒரு நிகழ்ச்சி பயன்படும். அவருக்கு வேலை எளிதாகும்படி, நீங்கள் செய்த இரண்டு மூன்று பணிகளை ஒரு பக்கத்தில் நினைவூட்டிக் கொடுங்கள்.

இளநிலை படிப்போர் தங்கள் படைப்பயிற்சிக்குக் கிரெடிட் கிடைக்குமா என்று கேட்க மறக்கக் கூடாது. முதுநிலையில் அந்தச் சலுகை குறைவு.

6. சேர்வதற்கு முந்தைய மாதம்

சொந்த மடிக்கணினி கட்டாயம். அலுவலகக் கணினியில் தேர்வுக் கண்காணிப்பு மென்பொருளை நிறுவ அனுமதி கிடைக்காது; கிடைத்தாலும் கூடாது, ஏனெனில் அந்த மென்பொருள் திரையையும் கேமராவையும் வெளியாரிடம் ஒப்படைக்கிறது.

பல்கலைக்கழகக் கணக்கைச் சொந்த மின்னஞ்சலில் பதிவு செய்யுங்கள். படை மின்னஞ்சல் பணியிட மாற்றத்தோடோ ஓய்வோடோ மூடப்படலாம். சான்றிதழ் பற்றிய தகவல் அந்த முகவரிக்குத்தான் வந்துகொண்டிருக்கும்.

கணக்கில் நுழையும்போது கைப்பேசிக்குக் குறியீடு வரும் முறையை நம்பியிருக்காதீர்கள். வெளிநாட்டுக்குப் போனால் எண் வேலை செய்யாமல் போகலாம். சில வளாகங்களில் கைப்பேசியை வாயிலிலேயே வைத்துவிட்டுப் போக வேண்டும். இணையம் இல்லாமலே குறியீடு தரும் செயலியை அமைத்துக்கொண்டு, அவசரக் குறியீடுகளைத் தாளில் எழுதிப் பத்திரப்படுத்துங்கள். மிகச் சிறிய செய்தியாகத் தோன்றும் இதனால் ஒப்படைப்பை (பாடத்துக்காக எழுதி அனுப்ப வேண்டிய பணியை) தவறவிட்டோரை நான் பார்த்திருக்கிறேன்.

பாடத்தில், அதிகாரிகளுக்கு நிறுவன நடத்தையும் செயல்பாட்டு மேலாண்மையும் இயல்பாக வரும். கணக்கியலும் புள்ளியியலும் நிதியும்தான் இடறும் இடங்கள். இரட்டைப் பதிவு முறை, பணத்தின் காலமதிப்பு, சராசரியும் திட்டவிலக்கமும், எக்செல் சூத்திரங்கள் ஆகியவற்றை முன்பே படித்துவிட்டால் முதல் பருவத்தின் பாரம் பாதியாகும். கான் அகாடமி, எம்ஐடி ஓப்பன்கோர்ஸ்வேர் ஆகிய இணையக் கல்வித் தளங்களில் இவற்றில் பல இலவசமாகவே கிடைக்கின்றன.

7. முதல் பருவத்தில் ஒரே பாடம்

இரண்டு பாடங்கள் எடுக்கச் சொல்லி ஆலோசகர் ஊக்குவித்தாலும் ஒன்றே எடுங்கள். இந்தப் பருவத்தில் பாடத்தோடு கூடவே, தளம் எப்படி இயங்குகிறது, பேராசிரியர் என்ன எதிர்பார்க்கிறார், உங்கள் உடம்பு எந்த நேரத்தில் படிக்க இசைகிறது என்பதையும் கற்றுக்கொள்கிறீர்கள். பெயர் நீக்கிக்கொள்ள அபராதமில்லாத கடைசித் தேதியை முதல் நாளே குறித்துக்கொள்ளுங்கள்.

ஒப்படைப்பு நேரங்கள் பல்கலைக்கழகம் இருக்கும் ஊரின் நேரத்தில் தரப்படும். கோடைக்கால நேர மாற்றம் உள்ள நாடுகளில் இடைவெளி ஆண்டுக்கு இருமுறை மாறும். அமெரிக்கா மார்ச் இரண்டாம் ஞாயிறன்றும் ஐரோப்பா மார்ச் கடைசி ஞாயிறன்றும் கடிகாரத்தை முன்தள்ளுவதால் நடுவில் உள்ள வாரங்களில் வழக்கமான கணக்கு ஒரு மணி நேரம் பிசகும். எதையும் கெடுவுக்கு 48 மணி நேரம் முன்பே அனுப்புவது என்று வைத்துக்கொண்டால் இந்தக் கணக்கும் திடீர்ப் பணி அழைப்பும் சேர்ந்தே சமாளிக்கப்பட்டுவிடும்.

குழுப்பணியில், உங்கள் பணியின் தன்மையை முதல் வாரத்திலேயே குழுவிடம் சொல்லிவிட்டு, தொடக்கத்தில் முடியக்கூடிய பகுதியைக் கேட்டு வாங்குங்கள். தரவு திரட்டுவதும் முதல் வரைவும் உங்களுடையதாகட்டும். கடைசி இரவில் நடக்கும் தொகுப்பும் அளிக்கையும் மற்றவருடையதாகட்டும். இன்னொன்று: குழுவில் நீங்கள் தளபதி இல்லை. பணிகளைப் பிரித்து ஆணையிடும் பழக்கம் முதல் கூட்டத்திலேயே கசப்பை உண்டாக்கும். உங்கள் ஒப்படைப்பைத் தட்டச்சு செய்யவோ வரைபடம் போடவோ உங்களுக்குக் கீழ் பணியாற்றுவோரைப் பயன்படுத்துவது கல்வி நேர்மைக்கும் பணி ஒழுக்கத்துக்கும் ஒருசேரக் கேடு.

8. எழுத்து நடையை மாற்றிக்கொள்ளுங்கள்

படையில் எழுதிப் பழகிய நடையில் முடிவு முதலில் வரும், பத்திகளுக்கு எண் இருக்கும், ஐயத்துக்கு இடமிருக்காது, எங்கிருந்து எடுத்தது என்று யாரும் கேட்கமாட்டார்கள். கல்வி எழுத்துக்கு மூன்றாவதும் நான்காவதும் பகை. பேராசிரியர் உங்கள் முடிவைவிட அதற்கு வந்த வழியையே மதிப்பிடுகிறார். எதிர்வாதத்தை நேர்மையாக எடுத்துரைத்து விடை சொல்வதற்கும், ஒவ்வொரு கூற்றுக்கும் மூலத்தைக் காட்டுவதற்கும் மதிப்பெண் உண்டு.

பணியாளர் கல்லூரியில் எழுதிய பழைய கட்டுரையை மெருகேற்றிச் சமர்ப்பிப்பது பலருக்குத் தோன்றும் குறுக்குவழி. முன்பு மதிப்பிடப்பட்ட சொந்த எழுத்தை அறிவிக்காமல் மீண்டும் தருவதும் கருத்துத் திருட்டாகவே கருதப்படும். அந்தக் கட்டுரை பாதுகாக்கப்பட்ட ஆவணமாக இருந்தால் குற்றம் இரட்டிப்பு.

9. எதை எழுதக் கூடாது என்று வகுத்துக்கொள்ளுங்கள்

"உங்கள் நிறுவனத்தின் ஒரு சிக்கலை ஆராய்க" என்று வணிகப் பாடங்கள் அடிக்கடி கேட்கும். உங்கள் நிறுவனம் ஒரு படைப்பிரிவு. வழங்கல் சங்கிலி, உதிரிபாகத் தட்டுப்பாடு, ஆட்பற்றாக்குறை என்று நீங்கள் நல்லெண்ணத்தில் எழுதும் எல்லாமே பிறருக்குத் தகவல். சமர்ப்பித்த கட்டுரை உங்கள் கையை விட்டுப் போனதுதான். டர்னிட்டின் போன்ற ஒப்பீட்டு மென்பொருள்கள் அதைச் சேமித்து வைக்கக்கூடும்.

ஆகவே முதல் வாரத்திலேயே பேராசிரியருக்கு எழுதி, வெளியான ஆண்டறிக்கைகள் உள்ள நிறுவனம் ஒன்றை எடுத்துக்கொள்ள அனுமதி கேளுங்கள். எனக்குத் தெரிந்து யாரும் மறுத்ததில்லை. அறிமுகப் பதிவில் இருப்பிடம், பிரிவு, புறப்படும் தேதி ஆகியவற்றைத் தவிருங்கள். நேரலை வகுப்பில் பின்புறம் வெற்றுச் சுவராக இருக்கட்டும். தீங்கில்லாத தகவல்கள் ஒன்றுசேர்ந்தால் என்னவாகும் என்பதற்கு, ஸ்ட்ராவா உடற்பயிற்சிச் செயலியின் உலக வரைபடத்தில் வீரர்கள் ஓடிய பாதைகளைக் கொண்டே படைத்தளங்களின் உருவம் தெரிந்ததாக 2018 ஜனவரியில் வெளிவந்த செய்தி போதுமான சான்று. வீரர்களிடம் கருத்துக்கணிப்பு நடத்த நினைத்தால் பல்கலைக்கழகத்தின் நெறிமுறைக் குழுவோடு படையின் தனி அனுமதியும் வேண்டும். இது மாதக்கணக்கில் இழுக்கும்.

10. களப்பணி ஆணை வந்தால்

மூன்று வழிகள் உண்டு: தொடர்வது, நீட்டிப்புக் கேட்பது, நிறுத்துவது. பருவத்தில் முக்கால் பங்கு முடிந்திருந்தால் "முழுமையுறாதது" என்ற பதிவைக் கேளுங்கள். பாதிகூட முடியாவிட்டால் கூசாமல் விலகிவிடுங்கள். இடையில் கைவிட்ட பாடத்தின் தோல்வித் தரம் சராசரியில் தங்கிவிடும். முறையாக விலகினால் அந்தச் சுமை இருக்காது. ஆணையின் நகலைப் பல்கலைக்கழகம் கேட்டால் அப்படியே அனுப்பாதீர்கள். தொடக்க, முடிவு மாதங்களை மட்டும் குறிப்பிடும் கடிதம் ஒன்றை உங்கள் அலுவலகத்திலிருந்து பெற்று அனுப்புங்கள்.

தொடர்வதென்று முடிவெடுத்தால், புறப்படும் முன் பாட நூல்கள், கட்டுரைகள், விரிவுரை எழுத்துப்படிகள் அனைத்தையும் தரவிறக்குங்கள். காணொளியைவிட எழுத்துப்படி சிறியது, வேகமாகப் படிக்கலாம். உரிமத்தைச் சரிபார்க்க அவ்வப்போது இணையம் கேட்கும் மென்பொருள் நடுவில் முடங்கும் என்பதால் லிப்ரேஆபீஸ் (ஆவணங்களுக்கு), ஆர் (புள்ளியியலுக்கு) போன்ற இலவச மென்பொருள்களை முன்பே நிறுவிக்கொள்ளுங்கள். சில கற்றல் தளங்கள் பொருளாதாரத் தடை உள்ள நாடுகளிலிருந்து திறப்பதே இல்லை. மறைவழி இணைப்பு (விபிஎன்) மூலம் சுற்றிவளைக்க முயன்றால் தேர்வுக் கண்காணிப்பில் சந்தேகக் குறி விழும், பாதுகாப்பு விதியும் மீறப்படலாம். கண்காணிப்புத் தேர்வு உள்ள பாடத்தை அந்தக் காலத்துக்கு எடுக்கவே வேண்டாம்.

11. இறுதித் திட்டப்பணியும் சான்றிதழும்

இறுதித் திட்டப்பணியைப் பிளக்க முடியாது. தொடர்ச்சியாக நான்கைந்து மாதம் வேண்டும். முதல் படியில் எழுதிய தாளில் மிக அமைதியான இடத்தை இதற்கென்றே ஒதுக்கிவிட்டு மற்றப் பாடங்களை அதைச் சுற்றி அடுக்குங்கள்.

பட்டம் கிடைத்ததும் கணக்கு மூடப்படும் முன் பாடத்திட்ட விவரங்களைத் தரவிறக்குங்கள். பிற்காலத்தில் பட்டத்தின் சமநிலையைச் சரிபார்க்கும் அமைப்புகள் அவற்றைக் கேட்கக்கூடும். சான்றிதழில் உள்ள பெயர், கடவுச்சீட்டிலும் பணிப் பதிவேட்டிலும் உள்ள பெயரோடு எழுத்துக்கு எழுத்து ஒத்திருக்கிறதா என்று அச்சாகும் முன்பே பாருங்கள். பணிப் பதிவேட்டில் பட்டத்தைச் சேர்க்கப் பல அலுவலகங்கள் மதிப்பெண் பட்டியலைப் பல்கலைக்கழகத்திடமிருந்தே நேரடியாக எதிர்பார்க்கின்றன. பதவி உயர்வுக் குழு கூடுவதற்கு முன் அது போய்ச்சேரும்படி விண்ணப்பியுங்கள். வெளிநாட்டுப் பட்டமாக இருந்தால், அதை வழங்கிய நாட்டின் அப்போஸ்டில் முத்திரையையும் (ஆவணத்தைப் பிற நாடுகள் ஏற்பதற்கான சான்று முத்திரை) இப்போதே பெற்றுவிடுங்கள். ஓய்வுக்குப் பின் வேலைக்கு விண்ணப்பிக்கும் வாரத்தில் அதைத் தேடி அலைய நேரம் இருக்காது.